கலைந்த எட்டு எழுத்துகள்

மகள் செல்போனில் கலைந்த எழுத்துகளைக் காட்டிச் சொல் கேட்டால், நான் எழுந்து போய்விடுவேன்.

ராஜபாளையத்தில் இன்று மண்மேடாகிவிட்ட மில் லைன் வீட்டில், ஷிப்டு முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வரும் அக்கா, மில் சீட்டின் பின்புறம் எழுத்துகளைக் கலைத்து எழுதித் தருவாள். நான் சேர்த்துச் சொல்ல வேண்டும், தினமும் ஒரு சொல், எங்கள் இருவருக்கும் மட்டுமேயான ஆட்டம். பிடித்தவனோடு அவள் போன அன்றும் என் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது: தோ, க, பு, ண், செ, ப, த், ப்.

"ஏட்டி, என்னது அது?" என்றார், எங்கெங்கோ தேடிவிட்டுத் திரும்பிய அப்பா.

"செண்பகத்தோப்பு! கண்டுபிடிச்சிட்டேன்ப்பா!"

முதல் தடவையாக அப்பா என் தலையைத் தடவினார். பிறகு சித்தப்பாக்களோடு அந்த மலையடிவாரத்துக்குக் கிளம்பினார்.

மறுநாள் அக்காவைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பாம்பு கடித்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். அவள் தந்தவற்றிலேயே நான் சட்டென்று சேர்த்த சொல் அதுதான்.