அத்தை காற்று பார்த்த மாலை

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் தெரிந்தது டிவிதான். அது தானாகவே மாடிப்படியில் இறங்கி வருவதுபோல் இருந்தது. பிறகுதான் அதற்குக் கீழே மாமாவின் கால்கள் தெரிந்தன.

நொச்சிக்குப்பத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறையும் அதன் ஓரத்தில் ஒரு சமையல் மேடையும் இருந்தன. உள்ளே வைத்தால் பத்துப் பேர்தான் பார்க்க முடியும் என்பது அம்மாவின் தம்பியான மாமாவின் வாதம். ஆகவே டிவி, சாலையோரத்தில் பெரியம்மா மீன் விற்கும் இடத்துக்கு வந்து, கவிழ்த்துவைத்த ஐஸ் பெட்டியின் மேல் ஏறியது. பின்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். எந்தச் சேனலிலும் அந்தப் போட்டி வரவில்லை. மாமாவின் போனில்தான் வந்தது. போனிலிருந்து ஒரு வயர் டிவிக்குப் போனது. அந்த வயரை யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஏதோ ஒரு வெளிநாட்டில், ஆசிய நாடுகள் ஆடும் போட்டியின் கடைசி ஆட்டம் அது. பெண்கள் கூடைப்பந்து. குப்பத்துப் பெரியவர்களில் அந்த விளையாட்டின் விதி தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் அவ்வளவு பேர் வந்து நின்றதற்கு ஒரே காரணம், இந்திய அணியின் வெள்ளைச் சட்டைகளில் ஒன்றுக்குள் என் அத்தை இருந்ததுதான்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா கடலோடு போனபோது அத்தைக்கு மூன்று வயது; அப்பாவுக்கு மீசை முளைக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாதான் வளர்த்தார். விடியற்காலையில் கரைக்குப் போகும்போது தோளில் வைத்துக்கொண்டு போவாராம். வளர்த்த அளவுக்கு மேலேயே அத்தை வளர்ந்துவிட்டார். பதினைந்து வயதில் அப்பாவைவிட ஒரு தலை உயரம். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அப்பா முதலில் கேட்டது வேலையையோ வீட்டையோ அல்ல, உயரத்தை. கடைசியில் காசிமேட்டில் ஒருவர் கிடைத்தார். அவர்கள் பெண் பார்க்க வந்த நாளில் அத்தை, பயிற்சி முகாமுக்காக பெங்களூர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வந்தவர்கள் வடையைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனார்கள். "இனிமே அதுக்கும் இந்த வூட்டுக்கும் ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் எதிரில் யாரும் அத்தையின் பேரை எடுத்ததில்லை.

எங்கள் வீட்டில் வேறொரு விதியும் இருந்தது. கடலுக்குப் போயிருப்பவரைப் பற்றி, எப்போது வருவார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் வரவு தள்ளிப்போகும் என்பார்கள். அத்தையைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் அம்மா என் வாயைப் பொத்தியது இந்த விதிப்படிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மந்தைவெளி மைதானத்துக்குப் போவார். அத்தை தான் தங்கியிருந்த விளையாட்டு விடுதியிலிருந்து அங்கே ஆட வருவார். அப்பாவிடம் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்வோம். மார்க்கெட்டுக்கு எதற்கு டப்பாவில் வறுத்த சங்கரா மீன் என்று அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.

அன்று அப்பா எங்களிடமிருந்து நாலைந்து படகு தூரம் தள்ளி, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வழக்கமாகக் கடல் பக்கம்தான் உட்காருவார். அங்கே காற்று அதிகம் என்று சொல்லி வலையைச் சாலை வரை இழுத்து வந்திருந்தார். அன்று காற்றே இல்லை.

சிவப்புச் சட்டை போட்ட எதிரணியோடு ஆட்டம் தொடங்கியது. அத்தை ஆடவில்லை. அணியின் மற்றவர்களோடு ஓரத்தில் நாற்காலியில், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கேமரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குப்பம் கை தட்டியது. கேமரா திரும்பியதும் திட்டியது.

"ஒக்கார வெக்கறதுக்கா அவ்ளோ தூரம் இட்டுகினு போனானுங்க?" என்றார் பெரியம்மா. அம்மாவின் அக்கா அவர். ஒரு கையில் மீன் வெட்டும் கத்தி, கண் டிவியில். "இங்க ஒக்காந்தா நாலு மீனாவது வித்துகினு இருக்கும்."

"அக்கா, அதெல்லாம் பிளானு. கடசில வுடுவாங்க" என்றார் மாமா.

"இன்னா பிளானு? செவப்பு சட்டைங்க போட்டுகினே கீதுங்க. கூடை ரொம்பிப்போச்சுன்னா நம்ம புள்ள எங்க போடும்?"

ஆழ்வார்பேட்டையிலிருந்து தினமும் அந்தச் சாலையில் நடக்க வரும் பெரியவர் ஒருவர், வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு நின்று எட்டிப் பார்த்தார். மீன் வாங்குகிறவர் அல்ல. எங்கள் பகுதியைக் கடக்கும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்பவர்.

"பேஸ்கட்பாலா? அட, காலேஜ்ல நானும் ஆடியிருக்கேன்" என்றார். கைக்குட்டை பைக்குள் போயிற்று. "இந்தப் பொண்ணு உங்க பொண்ணா?"

"எங்க புள்ளதான் சாமி. ஒக்காந்துகினு கீது" என்றார் பெரியம்மா, தானே உட்கார வைத்ததுபோல.

நான் அம்மாவின் புடவையை இழுத்து, "அத்த எப்போ வரும்?" என்றேன். அம்மாவின் கை என் வாய்க்கு வந்தது. அப்பா பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கடைசிக் கால்பகுதியில் வெள்ளைச் சட்டைகளில் உயரமான ஒருத்தி ஐந்து தவறுகள் செய்து வெளியேறினாள். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். அத்தை துண்டை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு உயரம் அந்த நாற்காலியில் மடிந்து கிடந்திருக்கிறது. யாரோ விசிலடித்தார்கள். மீன் வாங்க வந்து நிறுத்திய கார்கள் எடுக்காமல் நின்றன. பின்னால் வந்தவை ஹாரன் அடித்து, பிறகு அவற்றிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவர்கள் போட்டார்கள், நாம் போட்டோம். நாம் பின்னால் இருந்தோம், கிட்ட வந்தோம், மறுபடி பின்னால் போனோம். கடைசியில் ஒரே புள்ளி குறைவாக நின்றபோது, கடிகாரத்தில் மிச்சமிருந்தது ஒருவர் மூச்சு இழுத்து விடும் நேரம். பந்து அத்தையின் கைக்கு வந்தது. கூடைக்கடியில் எம்பினார். ஒரு சிவப்புச் சட்டை பந்தை அவர் கையோடு சேர்த்து அடித்தது. அத்தை விழுந்தார். பந்து வெளியே போயிற்று. நடுவர் விசில் ஊதி ஒரு கையை உயரத் தூக்கினார்.

குப்பம் பார்த்து வளர்ந்தது கிரிக்கெட். நடுவர் கை தூக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அவுட்டு குட்த்துட்டான்" என்றார் மாமா.

"இன்னாத்துக்கு அவுட்டு? தள்ளிவுட்டது அவ, வெளிய போறது நம்ம புள்ளயா?" பெரியம்மாவின் கத்தி டிவியை நோக்கி நீண்டது. அதற்குமேல் அவர் நடுவரின் குடும்பத்தைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. ஒருவர் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முதுகு அசையவில்லை. ஆனால் வலை ஊசி வேகமாகப் போய்வந்தது.

"அவுட்டு இல்ல, ஃப்ரீ த்ரோ, ஃப்ரீ த்ரோ" என்று நான் கத்தினேன். மந்தைவெளியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். யாரும் திரும்பவில்லை. கடைசியில் கேன்வாஸ் ஷூ பெரியவர்தான் கையை உயர்த்தினார். "குழந்தை சொல்றது சரி. அது ஃபவுல்மா. உங்க பொண்ணுக்கு ரெண்டு ஷாட் குடுப்பா. யாரும் தடுக்கப்படாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ரெண்டும் போட்டா?"

"ஜெயிச்சாச்சு."

சட்டென்று எல்லோரும் அடங்கினார்கள். அத்தை கோட்டில் வந்து நின்றார். பந்தை இரண்டு தடவை தட்டினார். பிறகு முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பி, வலது கன்னத்தை வெறும் வெளிக்குக் காட்டியபடி ஒரு கணம் நின்றார்.

மைதானத்திலும் அப்படித்தான் செய்வார். நான் அதை விளையாட்டின் விதி என்று எண்ணியிருந்தேன்.

"அய்ய, காத்து பாக்குதுடா" என்றார் பெரியம்மா. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "படகு தள்றதுக்கு முந்தி பாக்கறா மாரியே பாக்குது."

குப்பத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. படகைத் தள்ளுவதற்கு முன்னால் அலையோரம் நின்று, கன்னத்தைக் கொடுத்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். அப்பா தினமும் பார்ப்பார்.

"மூடின ஸ்டேடியமாச்சே. அங்க ஏது காத்து?" என்றார் பெரியவர்.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஊசி நின்றிருந்தது. கை பாதி உயரத்தில், நூலை இழுத்தபடியே நின்றிருந்தது.

முதல் பந்து விளிம்பைக்கூடத் தொடாமல் வளையத்துக்குள் இறங்கியது. எழுந்த சத்தத்தில் காகங்கள் தார்ப்பாயை விட்டுப் பறந்தன. இப்போது சமம். அத்தைக்கு மறுபடி பந்தைக் கொடுத்தார்கள். இரண்டு தட்டு. முகம் திரும்பியது. கன்னம் காற்றுக்கு. கைகள் உயர்ந்தன. பந்து விரல்களை விட்டுக் கிளம்பியது.

படம் நின்றது.

அத்தையின் கைகள் மேலே, பந்து அந்தரத்தில். அதன் நடுவில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வயரைப் பார்த்தேன். வயர் சரியாக இருந்தது. மாமா போனைத் தொடக் கையை நீட்டி, தொடப் பயந்து, கையை இழுத்துக்கொண்டார்.

அவ்வளவு பேர் அவ்வளவு மௌனமாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தச் சாலையில் பகலில் கடலின் சத்தம் கேட்காது. வண்டிகளும் பேரமும் அதை மூடியிருக்கும். அன்று கேட்டது. ஒவ்வொரு அலையாக வந்து உடைந்தது. கூடையில் இன்னும் உயிரோடிருந்த ஒரு நண்டு சுரண்டியது கேட்டது. சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பந்து மேலேயே இருந்தது. அது இறங்கப் போவதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றும் தோன்றியது.

குப்பத்தின் மறுகோடியில் வேறொரு போன் முன்னால் இன்னொரு கூட்டம் இருந்தது. அங்கிருந்து ஒரு பெரும் கூச்சல் எழுந்தது. அது மகிழ்ச்சியா, ஐயோவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தூரத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் கேட்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

படம் வந்தது. வெள்ளைச் சட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. குவியலின் அடியிலிருந்து ஒரு நீளமான கால் மட்டும் வெளியே தெரிந்தது. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எல்லாம் கலைந்தது. மாமா யாரென்றே தெரியாத ஒரு கார்க்காரரைத் தூக்கிச் சுற்றினார். இன்னொரு பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீரை யாரோ எல்லோர் மேலும் இறைத்தார்கள். பெரியம்மா தன் கூடையில் இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை எடுத்து கேன்வாஸ் ஷூ பெரியவரின் கையில் வைத்தார்.

"நான் சாப்பிடறதில்லையேம்மா."

"நீ துண்ண வாணாம் சாமி. யாருக்குனா குடு. எங்க புள்ள போட்டுச்சுன்னு சொல்லிக் குடு."

அவர் அதைக் குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஆழ்வார்பேட்டை நோக்கி நடந்தார்.

மாமா அப்பாவிடம் ஓடினார். "மாமா, ஜெயிச்சிடுச்சு. உன் தங்கச்சிதான் போட்டுச்சு."

"எனுக்குக் காது கேக்குது" என்றார் அப்பா. ஊசி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

விளக்கு போட்ட பிறகு அத்தை அம்மாவின் போனுக்கு அழைத்தார். போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், அத்தை ஒரே பதிலைச் சொன்னார். கடைசியில் அம்மா அதை என்னிடம் கொடுத்து, கண்ணால் அப்பாவைக் காட்டினார். நான் கொண்டுபோய் நீட்டினேன்.

"நைனா, அத்த."

"கையெல்லாம் ஈரமா கீது" என்றார் அப்பா. அவர் கையில் இருந்தது காய்ந்த நைலான் நூல்.

"இன்னா சொல்லுச்சு அண்ணன்?" என்றது போன்.

"கை ஈரமா கீதாம் அத்த."

"சரி, தொடச்சிக்கச் சொல்லு" என்றது போன்.

மறுநாள் கடலிலிருந்து திரும்பிய அப்பா, வலையில் முந்தின மாலை கட்டிய பகுதி முழுவதையும் கத்தியால் வெட்டி எடுத்தார். கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. அப்பாவின் வலையில் அப்படி ஒரு தையலை நான் பார்த்ததே இல்லை. புது நூலைக் கோர்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அம்மா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அப்பா தலையைத் தூக்கவில்லை.

"எப்போ வருதாம்?"

நான் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தேன். கேட்கவே கூடாத கேள்வி. அதுவும் அப்பாவே கேட்கிறார். அத்தையின் விமானத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அம்மா அவர் வாயையும் பொத்துவார் என்று காத்திருந்தேன். பொத்தவில்லை.

"வியாயக்கெழம" என்றார்.

அப்பா டீயைக் குடித்துவிட்டு அடுத்த கண்ணியைக் கட்டினார். என் பயம் தீரவில்லை. வியாழன் வரை ஒவ்வொரு நாளும் விடியும் முன்பே எழுந்து ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். அத்தை வானத்தில் வருவார் என்பது தெரிந்தும் கடலைத்தான் பார்த்தேன். காய்ச்சலோடு கூடப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர் அப்பா.

வியாழக்கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை.