கொழும்புக்குப் போன குடம்

என் மாமா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். அம்மாவுக்குத் தம்பி. வீட்டில் மாமா, வகுப்பில் சார். அடி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சுவரில் தொங்கிய படத்தில் கடலைப் பிரம்பால் தட்டித் தட்டிக் காட்டி அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒரு வருஷம் பையன்கள் ஏழெட்டுப் பேரைக் கொழும்பு பார்க்கக் கூட்டிப்போவதாகக் கிளம்பிவிட்டார். தூத்துக்குடியில் சாயங்காலம் கப்பல் ஏறினால் விடிந்ததும் கொழும்பு. சென்னப்பட்டணம் போவதைவிடச் சுலபம் என்றார்.

சுலபமாவது ஒன்றாவது! தாய்மார் சம்மதிக்க வேண்டாமா? சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்க் கண்ட தண்ணீரைக் குடிப்பதா என்று தெருவே கூடிவிட்டது. அதில் என் அம்மாவின் சத்தம்தான் பெரிசு. "ஏலே, எம் பிள்ள வாயில வேத்துத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டுச்சோ, உனக்கும் எனக்கும் பேச்சே கெடையாது, பாத்துக்கோ" என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். மாமா திருச்செந்தூர் முருகன் மேல் ஆணையிட்டார்: குறுக்குத்துறையில் மொண்ட தாமிரபரணி ஆற்றுத் தண்ணீர் பெரிய பித்தளைக் குடத்தில் கூடவே வரும், பிள்ளைகள் அதைத்தான் குடிப்பார்கள், குடம் காலியானால் அன்றைக்கே திரும்பக் கப்பல் ஏறிவிடுவோம்.

அதனால் என் உயிரே அந்தக் குடத்தில்தான் இருந்தது. கொழும்பு மியூசியத்தில் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறதாம். அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதைவிடக் கடலில் குதித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாமாவோ முதல் நாள் ஊரைச் சுற்றிப் பார்ப்பது, மியூசியம் மறுநாள்தான் என்று திட்டம் போட்டுவிட்டார். குடம் மறுநாள் வரைக்கும் தாங்க வேண்டும்.

எங்கே தாங்குகிறது! வேற்றுத் தண்ணீருக்குப் பயந்த தாய்மார், கட்டிக் கொடுத்த புளியோதரையில் உப்பையும் காரத்தையும் கொஞ்சமாவது குறைத்தார்களா? தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வேறு. கப்பலில் வாந்தி எடுத்தவர்கள் வாய் கொப்பளித்ததிலேயே பாதிக் குடம் போய்விட்டது.

கொழும்பில் மாமா குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் வரிசையாகப் பின்னால் போனோம். கொண்டையில் சீப்புச் செருகிய சிங்கள ஆண்களை நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அவர்கள் எங்கள் குடத்தைப் பார்த்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்த தமிழ் ஆட்கள் இரண்டு பேர், ஏதோ கோயில் தீர்த்தம் போகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமாவும் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடிய டிராம் வண்டியில் ஏறினோம். அதுதான் வினையாகப் போயிற்று. வண்டி திடீரென்று நின்றதில் மாமாவின் மடியில் இருந்த குடம் உருண்டது. எதிரே கோட்டும் தொப்பியுமாகத் தூங்கிக்கொண்டிருந்த கனவான் ஒருவரின் பூட்ஸுக்குள் தாமிரபரணி புகுந்தது. அவர் எழுந்து இங்கிலீஷில் தாம்தூம் என்று குதித்தார். வகுப்பில் மணிக்கணக்காக இங்கிலீஷ் பொழிகிற மாமாவுக்கு அன்றைக்கு "யெஸ் சார், யெஸ் சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

புறக்கோட்டைக் கடைத்தெருவில் இறங்கினோம். நல்ல உச்சி வெயில். மாமா குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சாயங்காலக் கப்பல்தாம்லே" என்றார். ஒரு பையன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தாகம் ஒரு பக்கம், திமிங்கிலம் ஒரு பக்கம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா எங்கள் முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இங்கனயே நில்லுங்க. அடியில எவ்வளவு கெடக்குன்னு பைய சாய்ச்சிப் பாத்துட்டு வாரேன்" என்று குடத்தோடு மூலை திரும்பினார்.

குடத்தைச் சாய்த்துப் பார்க்க மூலைக்கு ஏன் போக வேண்டும்? நான் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு தெருக்குழாய். மாமா இரண்டு பக்கமும் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்றார், குழாயைத் திறந்துவிட்டார்.

நிறைகுடத்தோடு வந்து, "நான் நெனச்ச மாதிரி இல்லலே, அடியில நெறையவே கெடந்திருக்கு" என்றார். ஒருவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மடக் மடக்கென்று குடித்தோம். தெருவில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் நம்ம ஆத்துத் தண்ணி ருசி வருமா சார்!" என்றான்.

அந்தப் பேச்சைக் கேட்டு, குழாய்க்கு அடுத்தாற்போல் இருந்த பலசரக்குக் கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "திருநவேலிப் பிள்ளைகளாவே? நான் தச்சநல்லூரு!" என்றவர் எங்களை உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்து, பழக்குலையையே அறுத்து முன்னால் வைத்தார். அவர் கொழும்புக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம். குடத்தின் கதையைப் பையன்கள் பெருமையாகச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது.

"வாத்தியாரையா, ஒரு வாய் குடுங்க. ஊருத் தண்ணிய நெனச்சி ஏங்காத நாளு கெடையாது."

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகளுக்கே பற்றாது என்று முனகிப் பார்த்தார். கடைக்கார அண்ணாச்சி அதற்குள் செம்பை நீட்டிவிட்டார். மாமா ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. அண்ணாச்சி செம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அண்ணாந்து ஒரு வாய் விட்டார். அப்படியே நிறுத்தினார். மாமாவைப் பார்த்தார். அப்புறம் பழம் தின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்தார். மிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நம்ம தண்ணியேதான்வே!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் பழத்தைத் திணித்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய மனுஷர் இப்படியா ஏமாறுவார்!

புறப்படும்போது அவரே குடத்தைத் தூக்கி மாமாவின் தோளில் வைத்தார்.

"குடம் கொறைஞ்சா யோசிக்காம இங்கன வாங்க. நம்ம ஆத்துத் தண்ணி நம்ம கடையில எப்பவும் உண்டு. தெனமும் நான் அதத்தான குடிக்கேன்."

மாமா ஒற்றைக் கையால் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் அந்தக் கடையில்தான் குடத்தை நிரப்பினோம், திமிங்கிலத்தையும் பார்த்தேன். ஆனால் எனக்கு அண்ணாச்சி மேல் வந்த கோபம் ஆறவே இல்லை. கடையில் அத்தனை ஆற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நாக்கு வறண்டு கிடந்த பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக் குடித்தாரே மனுஷர்! கொழும்பில் தச்சநல்லூர்க்காரர் ஒருத்தர் இருக்கிறார், மகா கஞ்சர் என்று ஊருக்கு வந்ததும் எல்லாரிடமும் சொன்னேன்.