சம்பல் உரலில் ஒரு தாய்ப்பாறை

மணற்கல்லைப் பொடித்துக் கனிமங்களைப் பார்த்தால், அந்த மணல் எந்தத் தாய்ப்பாறையிலிருந்து உதிர்ந்தது என்று சொல்லிவிடலாம். அதுதான் என் வேலை. பிறை நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்துப் பொடிக்கும் இயந்திரம் பழுதானது. சரிசெய்ய வேண்டிய ஆள் வரவே இல்லை. எரிச்சலில் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, மிளகாய்ச் சம்பல் இடிக்கும் கருங்கல் உரலில் போட்டு இடித்தேன்.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், தேயாத அபிரகத் (மைக்கா) துணுக்குகள் மின்னின! தூரத்திலிருந்து உருண்டு வந்திருந்தால் மென்மையான அபிரகம் தேயாமல் பிழைத்திருக்காது.

"தாய்ப்பாறை ரொம்பக் கிட்டத்துல இருக்கு!" என்று வீட்டுக்கு வந்து துள்ளினேன்.

மனைவி உரலை நீட்டினார். அடியில் புதுப் பள்ளம், அதிலும் அதே மினுமினுப்பு.

"கிட்டத்துலதான் லா, அடுப்புக்குப் பக்கத்துல. இன்னிக்கு சம்பல்ல மணல் கடிபட்டா, அது எங்கேருந்து வந்துச்சுன்னும் நீங்களே சொல்லுங்க."