வெயில் படாத வாத்தியார்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருவருக்குத்தான் சூனியம் வைத்திருக்கிறேன். அவர் எங்கள் சயன்ஸ் வாத்தியார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பரீட்சையில் தவறாமல் பெயிலாவதைத் தவிர வேறு சாமர்த்தியம் எதுவும் என்னிடம் இருப்பதாக அதுவரை யாருக்கும் தெரியாது.

இன்றைய பிள்ளைகள் ஒளிச்சேர்க்கை என்று படிப்பதை அவர் வெயில் சமையல் என்பார். "இலைதான்டா மரத்துக்கு அடுப்பு. வெயிலுதான் விறகு. விறகு இல்லேன்னா மரத்துக்குச் சோறு இல்ல." எங்கள் ஆம்பூரில் அந்த விறகுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை என்று நாங்கள் சிரித்தோம். சிரிக்கிறீர்களா, நிரூபிக்கிறேன் என்று, ஒரு செம்பருத்தித் தொட்டியை இரண்டு நாள் சாமான் அறை இருட்டில் வைத்துப் பட்டினி போட்டார். மூன்றாம் நாள் காலை அதை முற்றத்துக்குக் கொண்டுவந்து, ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதம் வைத்து மறைக்கும் வேலையை என்னிடம் விட்டார்.

காகிதத்துக்கு நான் எங்கே போவேன்? அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் எதை மறைப்பதற்கும் தோல் துண்டுதான். படிப்பு வராத கைக்குக் கத்தரி நன்றாக வரும். மெல்லிய ஆட்டுத்தோலில் கட்டைவிரல் அளவுக்கு வாத்தியாரையே வெட்டினேன்: தலைப்பாகை, நீண்ட மூக்கு, கக்கத்தில் அவர் ஒருநாளும் பிரியாத குடை. ஒரே மாதிரி இரண்டு. இலைக்கு மேலொன்று, கீழொன்று வைத்துக் குண்டூசி குத்தினேன். பெஞ்சுக்காரன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சாயங்காலம் தோலை எடுத்துப் பார்த்தால் வெறும் பச்சை இலை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாத்தியார் அதை வெந்நீரில் போட்டார். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளர் ஸ்பிரிட்டில் போட்டு, அந்தத் தம்ளரைச் சுடுதண்ணீரில் வைத்தார். பச்சையெல்லாம் கழன்று ஸ்பிரிட்டில் இறங்கியது. இலை பிணத்தின் காதுபோல வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் ஐயோடினைச் சொட்டினார்.

இலை கறுத்துக்கொண்டே வந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து தலைப்பாகையும் மூக்கும் குடையுமாக ஒரு வெளுத்த ஆள் மெல்ல எழுந்து வந்தான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பதற்காக வெட்டிய நானே ஓரடி பின்னால் போனேன்.

வாத்தியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "கறுத்த இடமெல்லாம் சாப்பிட்ட இடம். இந்த ஆளு மட்டும் பட்டினி" என்றார். சொல்லிவிட்டு இருமினார், இருமல் நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

இலையை நான் பூகோளப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்தேன். ஒருநாள் அக்கா கண்டுபிடித்தாள். நான் பெருமையாகக் கதையைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"உருவம் வெட்டிப் பட்டினி போட்டியா? இன்னாடா பண்ணி வெச்சிருக்கே! அது சூனியம்டா பாவி!"

"இது சயன்ஸ், அக்கா."

"அப்புறம் எதுக்கு அவரு படுத்துட்டாரு?"

அதைவிட மோசம், இலையில் இருந்த ஆள் போய்க்கொண்டிருந்தான். சுற்றியிருந்த கறுப்பு நாளுக்கு நாள் வெளிற, முதலில் கால் கரைந்தது, பிறகு குடை. வகுப்பில் பாடம் நடக்கும்போது புத்தகத்தை ஒரு விரற்கடை திறந்து பார்ப்பேன். மூக்கு மட்டும் மிச்சமிருந்த அன்று, அதுவும் கரைவதற்குள் வாத்தியார் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினேன்.

வாத்தியார் வீட்டம்மா பின்கட்டைக் காட்டினார். எங்கள் ஊர் பங்குனி மத்தியானத்தில் நாய்கூட வெளியே நிற்காது. நடு முற்றத்தில், கயிற்றுக் கட்டிலில், சட்டையில்லாமல், கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி வாத்தியார் உட்கார்ந்திருந்தார். தரையில் கட்டில் கால்களின் தடம் மேற்கிலிருந்து வரிசையாகப் பதிந்திருந்தது. வெயில் நகர நகர அவரும் நகர்ந்திருக்கிறார். நான் போட்ட பட்டினிக்கு மனுஷர் வெயிலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

"அங்கேயே நில்லு!" கண் திறந்ததும் முதல் வார்த்தை அதுதான். "கையில இன்னாடா?"

"சார், நான்தான் சார் உங்களைப் பட்டினி போட்டேன்" என்று அழுதுகொண்டே இலையைத் தூக்கிக் காட்டினேன்.

முழுவதும் கேட்டார். சிரிக்கப் போனவர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். "மூக்கைக் கொஞ்சம் ஜாஸ்தியா வெட்டிட்டடா" என்றார். பிறகு, "ஐயோடின் காத்துல போய்டும். இன்னொரு சொட்டு விடு, நான் வந்துடுவேன்."

வீட்டம்மா காயத்துக்குப் போடும் டிங்சர் ஐயோடின் சீசாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கிணற்றுக் கல்லில் இலையை வைத்து நானே சொட்டினேன். கறுப்பு பரவியது. தலைப்பாகை வந்தது, குடை வந்தது, கரைந்துபோன காலும் வந்தது. செத்தவர் பிழைத்த சந்தோஷத்தில், அவர் காலில் விழ ஓடினேன்.

கட்டிலோரம் கிடந்த குடையை எடுத்து அதன் முனையை என் நெஞ்சில் ஊன்றினார் வாத்தியார். குடை நகரவில்லை. "கிட்ட வராத. போ. இனிமே இங்க வராத" என்றார். அவர் குரல் அப்படிக் கடுத்து நான் கேட்டதேயில்லை.

அடுத்த வாரம் அவரை ரயிலேற்றி எங்கேயோ அழைத்துப் போனார்கள். நான் அப்பாவுக்குத் தெரியாமல் டிங்சர் வாங்கி, இலை பொடிந்து விழும்வரை சொட்டிக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை.

என்னை மன்னிக்கவில்லை என்று வெகுநாள் அழுதேன். பிறகு, சூனியக்காரன் என்று பயந்துவிட்டார் என எண்ணிக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். காச நோய் என்று ஒன்று இருப்பதும், அது மூச்சில் தொற்றுவதும், அந்தக் காலத்தில் அதற்கு வெயிலைத் தவிர வேறு மருந்து அதிகம் இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அந்த இருமலுக்குப் பிறகு அவர் கால்வைக்காத எங்கள் வகுப்பில் முப்பது பையன்கள் இருந்தோம். குடை நீளத்துக்கு அப்பால் அவர் நிறுத்தியது என்னை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.