பின்னால் வந்த காலடி

போட்டுக்கொண்ட கொஞ்ச நேரத்திலேயே காது எரியத் தொடங்கும் ஹெட்போன் அது. ஸ்பாஞ்சு உறை வியர்வையில் ஊறிக் கிடக்கும். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் விளையாடிய பிரௌசிங் சென்டரில் உருப்படியான ஹெட்போன் அது ஒன்றுதான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து எங்கள் அணியின் கேப்டன் வாங்கிவந்தது. அவன் என் மாமா மகன், எனக்கு மச்சான். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எதிராளியின் காலடியை முதலில் கேட்பவன்தான் பிழைப்பான். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: ஹெட்போனில் நான் கேட்டுச் சொல்வேன், மற்றவர்கள் என் சொல்லை நம்பித் திரும்புவார்கள். "நம்ம டீமுக்கு இவன்தான்டா காது" என்று மச்சான் தோளில் தட்டுவான். அந்த வயதில் அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேறில்லை.

காதுக்கொன்றாக இரண்டே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம் என்று பிரித்துக் கேட்கவைப்பது அழகான ஏமாற்று வேலை. எந்தச் சத்தமும் ஒரு காதுக்குச் சற்று முந்தியும் மறு காதுக்குச் சற்றுப் பிந்தியும், தலையையும் காது மடலையும் சுற்றி வருகையில் கொஞ்சம் மங்கியும் சேர்கிறது. அதை வைத்துத்தான் திசை தெரிகிறது. அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கலந்து தருவதுதான் சரவுண்ட். கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டு, சவுண்டு கார்டில் அதை என் காதுக்கு ஏற்றபடி வைத்திருந்தேன். முதுகுப்பக்கம் ஒருவன் நடந்தால் எனக்கு முதுகு கூசும்.

கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிப் பையன்களோடு போட்டி வந்தது. காலைச் சுற்றுகளில் அவர்களை ஓட ஓட விரட்டினோம். சாப்பிட்டு வந்து இறுதிச் சுற்றுக்கு உட்கார்ந்தபோது சத்தமெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். "முன்னாடி வரான்" என்றேன். அத்தனை பேரும் முன்னால் திரும்ப, அவன் பின்னாலிருந்து வந்து சுட்டுச் சாய்த்தான். மறுபடி சொன்னேன், மறுபடி அதே கதை. தோற்றோம். மச்சான் எழுந்து நின்று, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நான் இன்னாபா பண்றது? இவன் காது செவுடு."

சிரித்தார்கள். அது அந்தக் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மச்சான் வீட்டில் சொன்னான், மாமி சொந்தத்தில் சொன்னார். காது டாக்டர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளில் அத்தைகள் என்னருகே குனிந்து, "சாப்ட்டியாப்பா?" என்று கத்துவார்கள். திருக்கழுக்குன்றத்தில் பேசிய பெண் வீட்டார், "பையனுக்குக் காது மந்தமாமே" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இதில் கேவலம், நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். தெருவில் யாராவது கூப்பிட்டால், எந்தப் பக்கமிருந்து என்று சந்தேகம் வரும். விளையாட்டை விட்டேன்.

போன மாதம் படூரில் மச்சானின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். நாவலூரில் வேலை, புதுக் கல்யாணம், புதுக் கம்ப்யூட்டர். புது ஹெட்போனுக்கு சரவுண்ட் அமைத்துக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குள் ஒரு டிக்கை எடுத்தான்.

"அது எதுக்கு மச்சான்?"

"கம்ப்யூட்டர்லயும் சரவுண்டு, கேமுக்குள்ளயும் சரவுண்டு, ரெண்டும் ஆன்ல இருந்தா முன்ன பின்ன கொழம்பிடும்டா. ஒண்ணுதான் இருக்கணும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கே. நீங்கல்லாம் சாப்ட போனப்ப நான்தானே உன் கேம்ல அதையும் போட்டுவுட்டேன், டபுளா கேக்கும்னு. தோத்தப்புறம் பாத்தா, அதான் பேஜாரு பண்ணிகீது. உடனே எடுத்துட்டேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். "இன்னா காமெடி இல்ல?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடையிலிருந்து வீட்டுக்குப் போய் என் காதைப் பற்றிச் சொன்னபோதே தெரிந்திருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கேட்டார்: "தம்பி, காபி குடிக்கிறீங்களா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டே அவரிடம் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா கேளு."