பூசணம் பூத்த திராட்சை

தொண்ணூறுகளின் கடைசியில், பிரான்சில் போர்தோ நகரத்துக்குத் தெற்கே, சொத்தேர்ன் என்கிற வெள்ளை வைனுக்குப் பேர்போன ஒரு திராட்சைத் தோட்டத்தில் நடந்தது இது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரே வேலை, சித்தூர் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பழம் பொறுக்குவது. வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். பெல்ட்டில் வரும் பழத்தில் புள்ளியளவு பூசணம் கண்டாலும் தூக்கி எறிய வேண்டும். ஒன்று தப்பினால் ஒரு பீப்பாய் கூழும் போச்சு என்று சூப்பர்வைசர் கத்துவார். மூன்று சீசனில் என் கை தானாகவே எறியப் பழகிவிட்டது.

கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனேன். கணவர் ஓர் இந்திய ஓட்டலில் சமையல்காரர். விடிந்து போனால் பொழுதடைந்துதான் வருவார். பாஷை தெரியாமல், ஒற்றை அறையில் அழுது அழுது இளைத்துப்போனேன். ஒருநாள் அவர், "உனுக்கு இந்த ஊரு ஒத்துவர்ல. ஊருக்குப் போயி உங்க நைனா வூட்லயே இரு. நான் வருசத்துக்கு ஒருவாட்டி வந்து பாத்துக்கினு போறேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. இதற்கா கல்யாணம் பண்ணிக்கொண்டேன்?

எதிர்வீட்டுப் பாண்டிச்சேரி அக்கா திராட்சை அறுவடைக்குப் போவார். என்னையும் சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கணவரிடம், "இந்த வேல எனுக்கு வந்திச்சின்னா இங்கியே இருக்கறேன். வர்லன்னா டிக்கெட் போட்டுடு" என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் காலை ஒரே பனிமூட்டம். கத்தரியும் கூடையும் கொடுத்தார்கள். கொத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பாதிப் பழம் கருத்துச் சுருங்கி, மேலே சாம்பல் பூசணம். இந்த வெள்ளைக்காரர்களுக்குப் பழத்தைக் காப்பாற்றவே தெரியாது போல! விறுவிறுவென்று பூசணம் பூத்ததையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, பொன்னாய் மின்னியதை மட்டும் கூடையில் நிரப்பினேன். எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய்ப் பெருமையாக வைத்தேன்.

அங்கே மேஸ்திரி ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள். கூடையைப் பார்த்தார், நான் வந்த வரிசையின் தரையைப் பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா ஓடிவந்து, "அடிப்பாவி, வைனுக்கு வேண்டியத எல்லாம் மண்ணுல போட்டுட்டியே!" என்றார்.

"அழுவனத எவன்க்கா துன்னுவான்?" என்றேன். டிக்கெட்தான் என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

அந்த அம்மாள் கொடியிலிருந்து ஒரு பூசணப் பழத்தைக் கிள்ளி நீட்டினார். "துரத்தலடி, வாயில போட்டுப் பாக்கச் சொல்றாங்க" என்றார் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அய்யோ சாமி! திருப்பதி போகும்போதெல்லாம் வாங்கித் தின்போமே, வெயிலில் அடுக்கடுக்காகக் காயவைத்த மாம்பழத் தாண்ட்ரா, அதே கனத்த இனிப்பு. கூடவே ஓர் இளம்புளிப்பு.

பயம் போய் ஆசை பிடித்துக்கொண்டது. கேள்விமேல் கேள்வி கேட்டேன். அக்கா மொழிபெயர்த்தே ஓய்ந்துபோனார். ஆற்றோரப் பனியில் பூசணம் பிடிக்குமாம். மதிய வெயில் அதை அடக்குமாம். பூசணம் தோலைத் துளைக்க, தண்ணீர் வற்றி, சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுமாம். எல்லாப் பழமும் ஒரே நாளில் அப்படி ஆகாது. அதனால் ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஆனதை மட்டும் எடுக்க வேண்டும். பிழிந்த சாறு ஓக் மரப் பீப்பாயில் மெல்லப் பொங்கி அடங்கி, வருஷக்கணக்கில் கிடக்கும். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன் கிடைத்தாலே பெரிது.

"அப்போ நானு எத்தினி கிளாஸக் கொட்டிட்டேன்?" என்றேன். அக்கா அதைச் சொன்னதும் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

காடி வாடை அடிக்கும் அழுகலை மட்டும் எறிந்துவிட வேண்டுமாம். அந்த வாடை எனக்குத் தெரியாதா என்ன? மாம்பழத்தில் முகர்ந்து முகர்ந்து சலித்தது ஆச்சே! அதன்பிறகு ஒவ்வொரு கொத்தையும் முகர்ந்து பார்த்தே வெட்டினேன். சாயங்காலம் அந்த அம்மாள் என் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அக்கா வாயைத் திறப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. நாளைக்கு வா என்கிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர், "இன்னாடி ஒரே பூசண நாத்தம்?" என்று மூக்கைப் பிடித்தார். "டிக்கெட் வாணாம்" என்றேன்.

இப்போதும் சித்தூருக்கு வந்தால், மார்க்கெட்டில் ஒதுக்கிப் போட்ட சுருங்கிய பழத்தை எடுத்து ஒருதரம் முகர்ந்து பார்க்கிறேன். கெட்டுப்போச்சு என்று நான் தூக்கி எறிந்த ஒன்றுதானே, என்னை என் வீட்டுக்காரரோடு சேர்த்து வைத்தது!