பேர்ச் மரத்தடியில் நின்ற உழவு இயந்திரம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எனக்கு ஓஸ்லோவின் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் கிடைத்தது. வேலைக்குப் போகும் ரயில் மேடைக்கு வந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் அவருடைய கணவர் சேவியர் அண்ணை. "தம்பி, பிலோ விடியக்காலமை போட்டா," என்றார். ரயிலின் கதவுகள் திறந்தன, மூடின. நான் ஏறவில்லை. "நோகாமல்தான் போனவா," என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் முன்வரிசையில் நின்று பாடியவராகத் தெரியும். சிலருக்கு மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவராகத் தெரியும். மன்னார்ப் பக்கத்திலிருந்து நோர்வேக்கு அகதியாக வந்தவர் அவர். நான் யாழ்ப்பாணத்தான், சைவக்காரன், ஓஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் குடியிருப்பவன். ஒரு பிறந்தநாள் விருந்தில் அவராகத்தான் என்னிடம் வந்தார். "ட்ரெயிலர் இழுக்கிற லைசென்ஸ் உம்மட்டை இருக்கெண்டு கேள்விப்பட்டன். சனிக்கிழமை நேரமிருக்கோ?" என்று கேட்டார். வீடு மாறப்போகிறார் போலும் என்று நினைத்து ஓம் என்றேன். அவர் பார்க்கப் போனது ஒரு பழைய உழவு இயந்திரத்தை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்தது அதுதான். கைவிடப்பட்ட உழவு இயந்திரங்களைத் தேடிப் போவார். வாங்கித் திருத்தத் தகுமா, தகாதா என்று முடிவெடுப்பார். தகுமென்றால் நகரத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்திருந்த ஒரு கொட்டிலுக்குக் கொண்டுவந்து ஓட வைப்பார். ஊர் ஞாபகத்தில் செய்கிறார் என்று எல்லோரும் எண்ணினோம். நானும் ஒரு நாள் கேட்டேன். அக்கா சிரித்தார். "ஊரிலை நான் ட்ரக்டரிலை ஏறினதே இல்லை. பொம்பிளைப் பிள்ளையளை ஏற விட்டவையே? இது இஞ்சை வந்து பிடிச்ச வருத்தம்."

பெரும்பாலும் அவருடைய முடிவு "வேண்டாம்" என்பதாகவே இருக்கும். ஒருமுறை சிவப்புச் சாயம் பளபளக்க ஒன்று நின்றது. பார்த்தவுடன் எனக்கு மனம் பறிபோய்விட்டது. அக்கா எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. உள்ளே எங்கேயோ தண்ணீர் கலக்கிறது என்று அதற்குப் பொருள். விற்பவரிடம் அக்கா அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. சாயம் பூசிய கைத்திறனை மனதாரப் பாராட்டினார், குறையையும் காட்டினார், அந்த மனிதர் ஊற்றிக் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு வந்தார். காருக்குள் ஏறிய பிறகு என்னிடம், "பாவம், அந்த மனிசனுக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார்.

நான் சொல்ல வந்தது பேர்ச் மரத்தடியில் நின்ற ஒன்றைப் பற்றி.

அது ஓர் இலையுதிர்காலம். ஓஸ்லோவுக்கு வடக்கே, மியோசா ஏரியைப் பார்த்தபடி சரிந்து கிடந்த ஒரு பண்ணை. விளம்பரம் போட்டிருந்த ஹால்வர் அறுபதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போய், "இதுதான். நீங்கள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போகும்," என்றார்.

அதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இருக்கை முழுக்கப் பாசி. பின் ரயர்கள் வெடித்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் மட்காட் நசுங்கி உள்ளே மடிந்திருந்தது. பக்கத்தில் முளைத்த பேர்ச் மரம் பருத்து அதன் மேல் சாய்ந்திருந்தது. அக்கா தன் வழக்கப்படி முதலில் எதையும் தொடாமல் சுற்றி நடந்தார். பிறகு ஹால்வரின் பக்கம் திரும்பி நோர்வேஜிய மொழியில் கேட்டார்: "பக்கத்தில் இவ்வளவு பெரிய கொட்டில் வெறுமையாகக் கிடக்கிறதே. இதை ஏன் வெளியே விட்டீர்கள்?"

ஹால்வர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது, மேலே தெரிந்த சரிவில் இந்த இயந்திரம் கவிழ்ந்தது. அவருடைய தந்தை அதன் அடியில் இறந்தார். அயலவர்கள் நிமிர்த்தி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இது என் கூரையின் கீழே வரக்கூடாது என்று தாய் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இங்கேயே நிற்கிறது. தாய் இந்த வருடம்தான் முதியோர் இல்லத்துக்குப் போனார்.

நான் அக்காவின் கையை மெல்லத் தொட்டேன். "வாங்கோ அக்கா, போவம். இது எங்களுக்குச் சரிவராது."

"பொறும்," என்றார்.

ஈரப்புல்லில் முழங்காலை ஊன்றி, என்ஜினின் பக்கவாட்டில் விரல்களை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். குளிர்நாட்டில் வெளியே விடப்படும் என்ஜின்கள் பெரும்பாலும் எப்படிச் சாகின்றன என்பதை ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார். உள்ளே நிற்கும் தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து விரியும், இரும்பையே பிளந்துவிடும். ஆனால் இதில் ஒரு கீறல்கூட இல்லை. கீழே இருந்த தண்ணீர்க் குழாயின் திருகு திறந்திருந்தது. யாரோ தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் இதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

பிறகு எழுந்து புகைக்குழாயைப் பார்த்தார். அதன் வாயில், கோப்பித்தூள் வரும் தகரப் பேணி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, மழை உள்ளே போகாமல். அக்கா அதைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருவே இல்லை. என்னிடம் தமிழில், "தம்பி, இந்தப் பேணி கறள் பிடிக்கேல்லை," என்றார். ஹால்வரிடம் நீட்டி, "இதை நீங்கள் வைத்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் இதன் பக்கத்தில் வருவதே இல்லை."

"இது ஐம்பது வருடத்துப் பேணி இல்லை. போன வருடமோ அதற்கு முந்திய வருடமோ வைத்தது. பழசு இற்றுப்போக இற்றுப்போக யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்."

ஹால்வர் அந்தப் பேணியை வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். "அம்மா குடிக்கும் கோப்பி," என்றார்.

அந்த முற்றத்தில்தான் எனக்குப் புரிந்தது. பெற்ற மகனுக்கே தெரியாமல், அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் அந்த இயந்திரத்தைக் காத்து வந்திருக்கிறார். கணவனைக் கொன்ற இயந்திரத்தை.

அக்கா அன்று வாங்கவில்லை. "உங்கள் அம்மாவைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் போனோம். ஹால்வரின் தாய் இங்கெபியோர்க், தொண்ணூறு வயதைத் தாண்டிய, மெலிந்த, கண் கூர்மையான பெண்மணி. அக்கா அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மன்னார்ப் பேச்சின் இழுவையோடு அவர் பேசும் நோர்வேஜிய மொழி அன்று எனக்கு மிக அழகாகக் கேட்டது. "உங்கள் உழவு இயந்திரத்தை ஓட வைக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அதைத் தொடமாட்டேன்."

முதியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது செத்துப்போயிருக்குமே," என்றார்.

"இல்லை. நீங்கள் சாக விடவில்லை."

இங்கெபியோர்க் திரும்பி அக்காவை நன்றாகப் பார்த்தார். "என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அது அவருடையது. அவர் அதை எப்படித் துடைப்பார் தெரியுமா? அடக்கம் முடிந்த அன்று போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் பனிக்கு முன் அப்படித்தான் செய்வார்." அக்காவின் கையைப் பிடித்தார். "மேலே இரும்பு வளைவு போடுவாயா? இப்போது வருபவற்றில் இருக்கிறதே, கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காமல். அது அன்றைக்கு இருந்திருந்தால்..."

"போடுவேன்," என்றார் அக்கா.

திரும்பி வந்தோம். ஓஸ்லோ நெருங்கியபோது, "அப்ப வாங்கிறதோ அக்கா?" என்று கேட்டேன். "நான் என்னத்தை முடிவெடுக்கிறது தம்பி? அந்த மனிசி எப்பவோ முடிவெடுத்திட்டா. எங்களுக்கு வேலைதான் மிச்சம்," என்றார்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் மருத்துவர் அவருக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார். சேவியர் அண்ணை பிறகு ஒருநாள் தங்கள் வீட்டில்தான் அதை எனக்குச் சொன்னார். "உனக்கு இப்ப இது தேவையே?" என்று அண்ணை என் முன்னாலேயே அக்காவிடம் கேட்டார். அக்கா கோபப்படவில்லை. "வருத்தக்காரருக்கு நாள் நீளம். நான் சும்மா படுத்துக்கிடந்து சுவரைப் பாக்கவோ?" என்றார். அண்ணை எழுந்துபோய், அக்காவின் தடித்த காலுறைகளை எடுத்துவந்து கொடுத்தார். கொட்டிலில் குளிர் அதிகம்.

இயந்திரத்தைக் கொட்டிலுக்கு ஏற்றிவந்தோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் சிகிச்சைக்கும் சிகிச்சைக்கும் இடையில் வேலை நடந்தது. என்ஜின் இறுகிப்போயிருந்தது. உள்ளே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அதைச் சுழற்ற நீண்ட இரும்புக் கம்பியைப் போட்டு வாராவாரம் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. சில நாட்களில் அக்காவால் கம்பியைப் பிடிக்கவே முடியாது. அப்போது ஒரு மரப்பெட்டியில் அமர்ந்து, "மெதுவா, மெதுவா. அதைப் பயப்பிடுத்தாதையும்," என்பார். ஒரு சனிக்கிழமை கம்பி என் கையில் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. என் கை வழுக்கியது என்றுதான் நினைத்தேன். அக்கா எழுந்து வந்து தானே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். மறுபடியும் நகர்ந்தது. என்ஜின் இளகிவிட்டது. அவர் கம்பியை விட்டுவிட்டுச் சிலுவைக்குறி இட்டார். என் கைகளும் தாமாகக் கூப்பிக்கொண்டன.

வளைவையும் போட்டார். பழைய இயந்திரங்களைச் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அசல் தோற்றம் கெட்டுவிட்டதே என்று வருத்தப்பட்டார். அக்கா துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அசலாக இருந்தபோது இது ஓர் ஆளைக் கொன்றது." அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார்.

கோடையில் அதை ட்ரெயிலரில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனோம். ஹால்வர் தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து வயல் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். மயிர் உதிர்ந்த தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்த அக்கா ஏறி உட்கார்ந்து இயக்கினார். இயந்திரம் இருமி, கரும்புகை கக்கி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. இங்கெபியோர்க் கண்களை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"ஹால்வர், நீ ஏறு," என்றார்.

அறுபது வயது கடந்த அந்த மனிதர் தயங்கி நின்றார். தன் தந்தையின் இருக்கையில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அக்கா இறங்கி, வளைவின் இரும்பைக் கையால் தட்டிக் காட்டி, "பிடித்துக்கொண்டு ஏறுங்கள்," என்றார். ஹால்வர் ஏறினார். சமதரையான வயலில் ஒரு முழுச் சுற்று ஓட்டினார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் நனைந்திருந்தது. தாய் அந்தச் சுற்று முழுவதும் ஒரு கணமும் பார்வையை விலக்கவில்லை. என்ஜின் நின்ற பிறகு எங்களைப் பார்த்து, "அதே சத்தம்," என்றார்.

நான் படித்தவன், பல நாடுகளும் பார்த்தவன். அன்று அந்த வயல் ஓரத்தில் கண்டதைவிடப் பெரிதாக எதையும் கண்டதில்லை.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது இந்தப் பங்குனியில், மருத்துவமனையில். கட்டிலருகே நின்று சுகம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பனி அள்ளும் இயந்திரம் ஒன்று வாகனத் தரிப்பிடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தது. அக்கா கையைச் சற்று உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். "கேளும்," என்றார். "பாரம் ஏறேக்கையும் சத்தம் இறங்கேல்லை, பாத்தீரே? நல்ல மெசின்." கண்களில் அப்படியொரு மகிழ்ச்சி. அது போகும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் செவியைத்தான். இப்போது தெருவில் எது ஓடினாலும் நின்றுவிடுகிறேன். கேட்டு முடித்த பிறகுதான் நடக்கிறேன்.